மூடுபனி ஊரில் விதை காப்பது

விதைக்கு வெக்கை ஆகாது, குளிர்ச்சியே நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, பழனி மலையின் மேல்பகுதியில் குடியிருக்கும் நமக்கு விதை காப்பதில் என்ன கவலை இருக்கப் போகிறது என்று முதல் இரண்டு ஆண்டுகள் நான் மெத்தனமாக இருந்துவிட்டேன். மூன்றாம் ஆண்டு தை மாதம் பட்டர் பீன்ஸ் விதை வைத்திருந்த கண்ணாடி ஜாடியைத் திறந்தபோது, நனைந்த கோணிச் சாக்கை முகர்ந்தது போன்ற பூசண வாடை வந்தது. விதைகள் பார்வைக்குப் பழுதில்லாமல்தான் இருந்தன. ஒவ்வொன்றின் கண்ணருகில் மட்டும் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூப் படர்ந்திருந்தது. அறுபது விதை ஊன்றியதில் ஏழு முளைத்தன. ஜாடியில் காற்றுப் புகவில்லை, அறையில் வெக்கை இல்லை, பூச்சியும் இல்லை. அப்படியிருந்தும் விதை செத்ததற்குக் காரணம், ஐப்பசி மழையில் பறித்த நெற்றுகளைக் கையால் தடவிப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, ஈரத்தோடு சேர்த்து மூடி வைத்ததுதான்.

அமெரிக்க விதையியல் அறிஞர் ஹாரிங்டன் வகுத்த தோராயக் கணக்கு ஒன்று உண்டு. விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும். மதுரையில் 30 டிகிரியில் இருக்கும் ஒரு வீட்டையும் கொடைக்கானலில் 15 டிகிரியில் இருக்கும் ஒரு வீட்டையும் எடுத்துக்கொண்டால், இந்தக் கணக்குப்படி நம் விதை எட்டு மடங்கு காலம் உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் மதுரைக்காரர் 9 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து மூட, நாம் 12 சதவீதத்திலேயே மூடிவிட்டால், குளிர் கொடுத்த எட்டு மடங்கையும் ஈரம் ஒரே கையில் பிடுங்கிக்கொள்ளும். மூடுபனி இறங்கிய நாட்களில் திறந்து கிடக்கும் பீன்ஸ் விதை, மழையில் நனையாமலே, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து 15 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஆகவே கீழே எந்தக் காயைப் பற்றிச் சொன்னாலும் பேச்சு திரும்பத் திரும்ப ஈரத்திடமே வந்து நிற்கும். மலையில் விதை காப்பது முக்கால்வாசி காயவைக்கும் வேலை.

எந்தச் செடியில் தொடங்குவது

விதை உறையில் எஃப்1 என்றோ வீரிய ஒட்டு என்றோ அச்சிட்டிருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். அதன் விதை முளைக்காது என்று பலர் சொல்வது தவறு, நன்றாகவே முளைக்கும். ஆனால் இரண்டு பெற்றோர் வழிகளின் குணங்களும் அடுத்த தலைமுறையில் பிரிந்துபோய், ஒரே பாத்தியில் உருண்டையும் நீளமுமாக, புளிப்பும் சப்புமாகக் காய்க்கும். கடைகளில் கிடைக்கும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் விதைகளில் பெரும்பாலானவை இத்தகையவையே. நாட்டு ரகமோ, வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்து வெளியிட்ட சாதாரண ரகமோ, அக்கம்பக்கத்து வீடுகளில் தலைமுறையாகக் கைமாறி வரும் விதையோ இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம்.

இதில் சட்டச் சிக்கல் வருமோ என்று தயங்குவோர் உண்டு. பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001, தன் 39ஆம் பிரிவில், உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை அந்த ரகத்தின் பெயரோடு உறையிட்டு வணிக முத்திரையுடன் விற்பதை மட்டுமே அது தடுக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

முதல் ஆண்டில் பீன்ஸ், பட்டாணி, தக்காளி ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இவற்றின் பூ, விரிவதற்கு முன்போ விரியும்போதோ தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டுவிடுவதால், பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் சில மீட்டர் இடைவெளி விட்டால் கலப்புக்கு அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. டபுள் பீன்ஸ் போன்ற கொடி வகைகளில் தேனீ வழியாகக் கலப்பு சற்றுக் கூடுதலாக நேரும் என்பதால், இரண்டு ரகங்களை ஒரே வேலியில் ஏற்றாமல் இருந்தால் போதும்.

மழையைப் பார்த்து விதைப்பது

சமவெளியில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இந்த இடத்தில்தான் நமக்கு உதவாமல் போகின்றன. கொடைக்கானலில் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிறது. மார்கழி, தை இரவுகளில் உறைபனி. தை முதல் பங்குனி வரையிலான பகல்கள் காய்ந்த காற்றோடு இருக்கும். சித்திரையில் கோடை மழை வந்துவிடும். சமையலுக்கான காயை எந்தப் பட்டத்திலும் பறிக்கலாம், விதைக்கான நெற்று மட்டும் காய்ந்த காற்றில்தான் முற்ற வேண்டும். ஆகவே முதலில் நெற்று காயும் மாதத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளை முடிவு செய்யுங்கள்.

பட்டாணியை ஐப்பசிக் கடைசியில் ஊன்றினால் மாசி, பங்குனியில் நெற்று கலகலக்கும். பட்டாணிச் செடி குளிரைத் தாங்கினாலும் அதன் பூவும் பிஞ்சும் உறைபனியில் கருகும். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும் என்பதால், விதைக்கான பட்டாணியைச் சரிவுத் தோட்டத்தின் அடித் தட்டில் போடாமல் மேல் தட்டில் போட வேண்டும். பீன்ஸ் உறைபனியைத் தாங்கவே தாங்காது. அதைத் தைக் கடைசியிலோ மாசியிலோ ஊன்றி, வைகாசியிலோ ஆனித் தொடக்கத்திலோ நெற்றெடுப்பதே எங்கள் வழக்கம். இடையில் கோடை மழை பிடித்துக்கொண்டால், நெற்று முக்கால்வாசி மஞ்சளானவுடனேயே செடியை வேரோடு பிடுங்கி, தலைகீழாகக் கட்டி, மழைச் சாரல் படாத உள் தாழ்வாரத்தில் தொங்கவிட்டால், தண்டில் எஞ்சியிருக்கும் சத்தைக்கொண்டே விதை முற்றிவிடும். நீலகிரியில் இருப்பவர்கள் இந்த மாதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையே பெரிது. உங்கள் ஊரின் காய்ந்த மாதம் எது என்பதை வைத்தே எண்ணுங்கள்.

பீன்ஸ்: செடியைத் தேர்வது

பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை ஒன்றுதான். முதல் பறிப்பு, இரண்டாம் பறிப்பு எல்லாம் குழம்புக்கும் பொரியலுக்கும் போய்விட்டு, செடி ஓய்ந்துபோன பிறகு அடியில் தப்பிக் கிடந்த காய்களை விதைக்கு விடுகிறார்கள். அப்படிச் செய்யும்போது நாம் தேர்ந்தெடுப்பது நல்ல செடியின் விதையை அல்ல, கடைசியாகக் காய்த்ததன் விதையை. ஆண்டுதோறும் அதையே செய்தால் பீன்ஸ் ஆண்டுதோறும் தாமதமாகும். எங்கள் அப்பத்தா பூ விடும் நேரத்திலேயே தோட்டத்தைச் சுற்றி வந்து, பிடித்த செடிகளில் பழைய சேலைக் கிழிசலை முடிந்துவிடுவார். முடிச்சுப் போட்ட செடியில் கை வைத்தால் வீட்டில் யாராக இருந்தாலும் வசவு நிச்சயம். பத்துச் செடிகளுக்காவது இப்படி முடிச்சுப் போடுங்கள். ஒரே செடியிலிருந்து மொத்த விதையையும் எடுப்பது, அந்த ஒரு செடியின் குறையையும் சேர்த்து எடுப்பதாகும்.

முடிச்சுப் போட்ட பிறகும் கண்காணிப்பு தேவை. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து சுருங்கியிருந்தால் அது தேமல் நோய். அந்த நச்சுயிரி விதை வழியாக அடுத்த ஆண்டுக்கும் வரும். காயின் மேல் குழிந்த கரும்புள்ளிகள் தெரிந்தால் அதுவும் விதையில் தொற்றும் பூசணமே. மழைத் துளி தெறிக்கும்போது செடிக்குச் செடி தாவும். இரண்டில் எது தெரிந்தாலும் முடிச்சை அவிழ்த்துவிட்டு அந்தச் செடியைச் சமையலுக்கு விட்டுவிடுங்கள். மனம் கேட்காமல் ஒரு செடியை விட்டுவைத்து, மறு ஆண்டு பாத்தி முழுவதும் தேமல் பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நெற்று வைக்கோல் நிறத்துக்கு வந்து, காதருகே ஆட்டினால் உள்ளே விதை உருளும் ஓசை கேட்க வேண்டும். காலைப் பனி உலர்ந்த பிறகு, பதினோரு மணிக்கு மேல் பறியுங்கள். உரித்த விதையைச் சுளகில் போட்டுப் புடைத்தால் பொக்கும் தூசியும் பறந்துவிடும். பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி, சுருங்கியவை, கறை படிந்தவை, வெடித்தவை, நிறம் மாறியவை எல்லாவற்றையும் கையால் பொறுக்கி நீக்க வேண்டும். அரைக் கிலோ விதைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

தக்காளி

தக்காளி விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான உறை, பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பதற்காக உள்ளது. அதை அகற்றாமல் காயவைத்தால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நோய்க்கிருமியும் அந்த உறையில் தங்கும். நன்றாகப் பழுத்த, நோயில்லாத பழங்களை நான்கைந்து செடிகளிலிருந்து பறித்து, குறுக்கே அறுத்து, சாற்றோடு சேர்த்து விதையை ஒரு கண்ணாடிக் குவளையில் பிழியுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம், அல்லது சிறிதளவே சேர்க்கலாம். மேலே மெல்லிய துணி கட்டி, நாளுக்கு ஒரு முறை கலக்கிவிடுங்கள். சமவெளியில் இரண்டு நாளில் புளித்துவிடும். கொடைக்கானல் குளிரில் நான்கு, ஐந்து நாள் ஆகும். மேலே வெண்மையான ஆடை படிந்து, புளித்த கள்ளின் வாடை வந்து, விதையைத் தொட்டால் வழவழப்புப் போய்ச் சொரசொரப்புத் தெரிந்தால் பதம் வந்துவிட்டது. அதற்கு மேல் வைத்தால் அந்த நீரிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும். சதையும் பொக்கும் மிதக்கும். நாலைந்து முறை மிதப்பதை வடித்து, வடிகட்டியில் அலசி, எவர்சில்வர் தட்டில் பரப்புங்கள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வராது.

மிதக்கும் விதை எல்லாம் கெட்ட விதை என்ற நம்பிக்கையைத் தக்காளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பீட்ரூட், மிளகாய் போன்றவற்றின் காய்ந்த விதைகளில் நல்லவையும் மிதக்கும்.

மரத்தக்காளி வைத்திருப்பவர்கள் அதன் விதையையும் இதே முறையில் எடுக்கலாம்.

கலப்புக்கு ஆளாகும் காய்கள்

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், முள்ளங்கி, பூசணி ஆகியவற்றில் பூச்சியோ காற்றோ மகரந்தத்தைக் கொண்டுபோவதால், நம் தோட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது, அடுத்த தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், புரோக்கோலி எல்லாம் ஒரே இனம். ஒரே நேரத்தில் பூத்தால் கலந்துவிடும். பீட்ரூட்டும் பாலக்கீரையும் அப்படியே, பார்வைக்கு உறவே தெரியாவிட்டாலும் ஒரே இனத்தவை. பீட்ரூட் மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். முட்டைக்கோஸ் செடி பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒற்றைச் செடியைப் பூக்கவிட்டால் பூ நிறைய வரும், விதை வராது.

கேரட்டில் சமவெளிக்காரருக்கு இல்லாத வசதி ஒன்று நமக்கு இருக்கிறது. ஐரோப்பிய வகைக் கேரட் பூத் தண்டு விட வேண்டுமானால் சில வாரங்களாவது 10 டிகிரிக்குக் குறைந்த குளிரைப் பார்க்க வேண்டும். மலையின் மார்கழி, தை இரவுகள் அதைச் செலவில்லாமல் தருகின்றன. ஆவணியில் விதைத்த பாத்தியைக் கார்த்திகை முடிவில் பிடுங்கி, நேரான, வெடிக்காத, நல்ல நிறமுள்ள கிழங்குகளாக இருபது முப்பதைப் பொறுக்கி, தழையை நான்கு விரல் விட்டு நறுக்கி, மீண்டும் ஓர் அடி இடைவெளியில் கழுத்து மண்ணோடு சமமாக இருக்கும்படி நடுங்கள். கிழங்கைப் பிடுங்காமல் அப்படியே பூக்கவிட்டால் மண்ணுக்குள் இருப்பது எப்படிப்பட்ட கிழங்கு என்று தெரியாது. குளிருக்கு முன்பே அவசரப்பட்டுத் தண்டு விடும் செடியிலிருந்து விதை எடுக்கவே கூடாது; அந்த அவசரம் பரம்பரையாக வரும். முதலில் மலரும், குடை போல விரிந்த உச்சிப் பூங்கொத்தின் விதையே திரட்சியானது. அது பழுப்பானவுடன் தண்டோடு நறுக்கிக் காகிதப் பைக்குள் தலைகீழாக வைத்துவிடலாம்.

சுரை விதைத்தால் அவரை முளைக்காது என்பது சரி. பூசணி விதைத்தால் எந்தப் பூசணி முளைக்கும் என்பது வேறு விஷயம். பக்கத்து வீட்டுப் பூசணிப் பூவுக்குப் போன தேனீ நம் பூவுக்கும் வரும். இதைத் தடுக்க, மறுநாள் மலரப் போகும் ஆண் பூ, பெண் பூ இரண்டையும் முந்தைய மாலையே நுனியில் நூலால் கட்டிவிட்டு, காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளி எறிந்து, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, மீண்டும் பெண் பூவைக் கட்டிவிட வேண்டும். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும்; அடையாளம் காண்பது எளிது. காய் முற்றிப் பறித்த பிறகும் மூன்று வாரம் வீட்டில் வைத்திருந்து அறுத்தால் விதை திரட்சியாக இருக்கும்.

சௌசௌவுக்கு இவை எதுவும் பொருந்தாது. அதன் விதை காய்ந்தால் செத்துவிடும். காய்க்குள்ளேயே முளைக்கும் இயல்புடையது என்பதால் முளை எட்டிப்பார்க்கும் முழுக் காயையே நட வேண்டும். மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விதையாலன்றிப் பல்லாலும் கிழங்காலும் பெருகுபவை. பூண்டுக் கட்டுகளை அடுப்புப் புகை படும் பரணில் தொங்கவிடும் பழைய வழக்கத்துக்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. உருளை பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும்: உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது, இந்த மலையிலும் உண்டு. மண் ஒட்டிய கிழங்கோடு அது தோட்டத்துக்குத் தோட்டம் பயணம் செய்யும் என்பதால், தெரியாத இடத்து விதைக் கிழங்கை வாங்கி ஊன்றாதீர்கள்.

காயவைத்தலும் மூடிவைத்தலும்

விதையை இரண்டு கட்டமாகக் காயவைக்க வேண்டும். முதல் கட்டம் வெளியே. ஓர் அடுக்குக்கு மேல் இல்லாமல் சாக்கிலோ முறத்திலோ பரப்பி, காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை வெயிலிலும், பிறகு காற்றோட்டமான நிழலிலும் வைத்து, மேகம் இறங்குவதற்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மூடுபனி வந்த பிறகும் முற்றத்தில் கிடந்தால், காலையில் போன ஈரம் முழுவதும் மாலைக்குள் திரும்பிவிடும். தகரத்தின் மேல் நேரடியாகப் பரப்ப வேண்டாம். மலை வெயிலில் தகரம் சுடும், 40 டிகிரிக்கு மேல் ஈர விதையின் கரு பாதிக்கப்படும். கேஸ் அடுப்புக்கு மேலே வைப்பதும் பயனில்லை. எரியும் வாயுவே நீராவியை வெளியிடும், அதோடு சோற்று ஆவியும் சேரும். விறகடுப்பு உள்ள வீடுகளில் பரண் நல்ல இடம்.

இந்த முதல் கட்டத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் எத்தனை நாள் வைத்தாலும் விதை காற்றின் ஈரத்துக்கு ஈடாகத்தான் காயும், அதற்குக் கீழே இறங்காது. அரசின் விதைச் சான்றளிப்பு விதிகள் பீன்ஸ் விதைக்கு 9 சதவீதத்தையும், காற்றுப் புகாத கலத்தில் வைப்பதானால் 7 சதவீதத்தையும் ஈரத்தின் உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. மூடி இறுக இறுக விதை இன்னும் காய்ந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். என் பட்டர் பீன்ஸ் ஜாடி செத்தது இதனால்தான். அந்த அளவுக்கு இறக்க இரண்டாம் கட்டம் தேவை.

வீட்டில் செய்யக்கூடியது வறுத்த அரிசி முறை. அரிசியை வெறும் வாணலியில் இலேசாகச் சிவக்கும் வரை வறுத்து, சூட்டோடு ஒரு சம்படத்தில் கொட்டி மூடி ஆறவையுங்கள். திறந்து ஆறவைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முழுவதும் ஆறிய பிறகு, விதையின் எடையைப் போல் இரு மடங்கு அரிசியை ஜாடியில் போட்டு, விதையை மெல்லிய துணிப் பையில் கட்டி அதற்குள் வைத்து இறுக மூடுங்கள். தக்காளி, கேரட் போன்ற சிறு விதைக்கு ஒரு வாரம், பீன்ஸுக்கு இரண்டு வாரம். ஆனிப் பீன்ஸுக்கு நான் நடுவில் ஒரு முறை அரிசியை மீண்டும் வறுத்துப் போடுகிறேன். சிலிக்கா ஜெல் கிடைத்தால் விதையின் எடைக்குச் சமமாகப் போட்டால் போதும்; ஈரம் ஏறியதும் நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

காய்ந்ததா என்று அறிய அப்பத்தா பீன்ஸைக் கடித்துப் பார்ப்பார். பல்லுக்கு இடம் கொடுத்தால் திரும்பப் பரணுக்குப் போகும். பல்லை நம்பாதவர்கள் ஒரு விதையைக் கருங்கல் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டலாம். காய்ந்த விதை தெறித்து நொறுங்கும். ஈர விதை நசுங்கும். பூசணி விதை வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும். உப்புச் சோதனை என்று ஒன்றும் வழக்கில் உள்ளது: ஜாடியில் விதையோடு காய்ந்த பொடியுப்பைப் போட்டுக் குலுக்கி, உப்பு கட்டியாகவோ கண்ணாடியில் ஒட்டியோ நின்றால் ஈரம் அதிகம் என்று பொருள். ஆனால் ஜாடிக் காற்றின் ஈரம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு கசியும் என்பதால், உப்பு உதிரியாக இருப்பதை மட்டும் பார்த்து விதை காய்ந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. விதை படுமோசமான ஈரத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும்.

காய்ந்த விதையை ஜாடி நிறையப் போட்டு, ரப்பர் வளையமுள்ள மூடியால் மூடி, வீட்டின் இருட்டான வடக்குச் சுவர் அலமாரியில் வையுங்கள். பயறு வண்டு இருக்கும் என்ற ஐயம் இருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் முட்டை, புழு எல்லாம் சாகும். ஈரமான விதையை அப்படி வைத்தால் விதையும் சாகும். ஃப்ரீசரின்றிச் செய்ய விரும்புவோர் கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ஜாடியை வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வர ஓர் இரவு விடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த விதையின் மேல் நீர் முத்து முத்தாகப் பூத்து, மாதக்கணக்கில் செய்த வேலையைக் கெடுத்துவிடும்.

சரியாகக் காய்ந்த வெங்காய விதை ஓரிரு ஆண்டு, கேரட், மிளகாய் மூன்று, பீன்ஸ், பட்டாணி மூன்று நான்கு, முட்டைக்கோஸ், தக்காளி, பூசணி நான்கைந்து ஆண்டு என்று பொதுவாக எதிர்பார்க்கலாம். எதிர்பார்ப்பு அளவுகோல் ஆகாது, அதற்குத்தான் சோதனை.

முளைப்புச் சோதனை

விதைப்பதற்கு ஐந்து வாரம் முன்பு சோதனை செய்தால், கெட்டிருந்தாலும் வேறு விதை தேட நேரம் இருக்கும். பத்து விதை போட்டு எட்டு முளைத்தது, எண்பது சதவீதம் என்று மகிழ்ந்துவிடுவது எளிது. ஆனால் பத்தில் எட்டு என்ற விடைக்குப் பின்னால் ஜாடியின் உண்மை நிலை 44 சதவீதத்திலிருந்து 97 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. ஐம்பதில் நாற்பது முளைத்தால் அந்த வீச்சு 66க்கும் 90க்கும் இடையே சுருங்கும். ஆகவே சிறு விதையானால் ஐம்பது போடுங்கள். பீன்ஸ் குறைவாக இருந்தால் இருபத்தைந்தாவது போடுங்கள். பெரிய விதையாகப் பொறுக்காமல், ஜாடியைக் குலுக்கிக் கைக்கு வந்ததை எடுக்க வேண்டும்.

பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்குப் பிழிந்து விரியுங்கள். பீன்ஸ் விதைகளை விரல் இடைவெளியில் வரிசையாக வைத்து, மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டு, பாயைப் போல் சுருட்டி, பெயரும் தேதியும் எழுதிய சீட்டைச் செருகி, பிளாஸ்டிக் பையில் நிற்க வையுங்கள். பையின் வாயை முழுவதும் கட்ட வேண்டாம். இறுக உலர்ந்த பீன்ஸும் பட்டாணியும் ஒரேயடியாக நீரை உறிஞ்சினால் பருப்பு வெடிக்கும் என்பதால், முந்தைய நாளே ஜாடியிலிருந்து எடுத்துத் திறந்த தட்டில் வைத்து, காற்றின் ஈரத்தை மெதுவாக ஏற்கவிடுவது நல்லது. நம் மூடுபனி பயன்படும் ஒரே இடம் இது.

சோதனையிலும் மலை நம்மை ஏமாற்றும். தை மாதத்தில் அறை 13 டிகிரியில் இருக்கும்போது தக்காளியும் மிளகாயும் இரண்டு வாரமானாலும் அசையாது. விதை செத்துவிட்டது என்று நல்ல விதையை எறிந்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. பட்டாணி, முட்டைக்கோஸ், கேரட் ஆகியவற்றுக்கு 15 முதல் 20 டிகிரி போதும். பீன்ஸுக்கு 20க்கு மேல் வேண்டும். தக்காளி, மிளகாய்க்கு 25க்கு மேல். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் பக்கம், வெந்நீர்ப் பாட்டிலோடு மூடிய ஹாட்பாக்ஸ் என்று வீட்டுக்குள் சூடான மூலையைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் மிளகாய்ச் சுருள் வைஃபை ரூட்டரின் மேல் குடியிருக்கிறது. ஈரம் கசியாமல் ஒரு டப்பாவுக்குள் வைத்தே அங்கே வைக்கிறேன்.

இந்தச் சூடு இருந்தால் பட்டாணியை 8ஆம் நாளும், பீன்ஸை 9ஆம் நாளும், முட்டைக்கோஸை 10ஆம் நாளும், தக்காளி, மிளகாய், கேரட், பீட்ரூட் ஆகியவற்றை 14ஆம் நாளும் இறுதியாக எண்ணலாம். நடுவில் ஐந்தாம் நாள் ஒரு முறை பீன்ஸ் சுருளைப் பிரித்துப் பாருங்கள். நல்ல விதையில் வெள்ளை வேர் நேராக இறங்கி, பக்கவேர் அரும்பி, வளைந்த தண்டு பருப்பைத் தூக்கத் தொடங்கியிருக்கும். வேர் நுனி கறுத்து நின்றதையும், தண்டு வந்து குருத்து இல்லாமல் மொட்டையாக இருப்பதையும், கண்ணாடி போல் வீங்கி நிற்பதையும் முளைத்த கணக்கில் சேர்க்காதீர்கள்; மண்ணில் அவை செடியாகா. அழுகியதை உடனே எடுத்து எறிந்தால் பூசணம் பக்கத்து விதைக்குத் தாவாது. ஊறாமல் கல் போலவே இருப்பது செத்த விதை அல்ல, தோல் கடினமானது. நகவெட்டியால் கண்ணுக்கு எதிர்ப்புறம் இலேசாகக் கீறி மீண்டும் வையுங்கள். பீட்ரூட்டில் நாம் விதை என்பது பல விதைகள் சேர்ந்த முடிச்சு. ஒரு முடிச்சில் மூன்று முளை வந்தாலும் ஒன்று என்றே எண்ண வேண்டும்.

சான்று விதைக்கு அரசு வகுத்த குறைந்தபட்ச முளைப்பு பீன்ஸ், பட்டாணிக்கு 75, தக்காளி, முட்டைக்கோஸுக்கு 70, கேரட், பீட்ரூட், மிளகாய்க்கு 60 சதவீதம். வீட்டு விதை இதைத் தொட்டால் தாராளமாக விதைக்கலாம். ஐம்பதுக்குக் கீழே போனால், அது வேறெங்கும் கிடைக்காத ரகமாக இருந்தாலொழிய, நான் விதைப்பதில்லை. முளைப்பு குறைந்த ஜாடியில் முளைக்கும் விதையும் நோஞ்சானாகவே வரும்.

இதோடு இன்னொரு சோதனையையும் செய்து பார்க்கும்படி சொல்வேன். அதே விதையில் இருபத்தைந்தைத் தோட்டத்து மண் நிரப்பிய தொட்டியில் ஊன்றி, வெளியே, செடி வளரப் போகும் அதே குளிரில் வையுங்கள். துணிச் சுருளில் 90 சதவீதம் காட்டிய மூன்றாண்டுப் பீன்ஸ், மாசி மாதத்துக் குளிர்ந்த மண்ணில் 60ஐத் தாண்டாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை விதை ஊன்றுவது என்ற கணக்குக்குத் தொட்டியின் எண்ணே உதவும். நாற்பது செடி வேண்டும், தொட்டியில் 70 சதவீதம் முளைத்தது, நத்தையும் பறவையும் ஐந்தில் ஒன்றைக் கொண்டுபோகும் என்றால், நாற்பதை 0.7ஆலும் 0.8ஆலும் வகுத்து, எழுபத்திரண்டு விதை ஊன்ற வேண்டும்.

ஜாடியின் மேல் ரகத்தின் பெயர், நெற்றெடுத்த மாதம், எத்தனை செடியிலிருந்து எடுத்தது, சோதனைத் தேதி, சுருளின் எண், தொட்டியின் எண் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை நம் ஊர் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் கலங்கிவிடும். சுருளில் முளைத்த பட்டாணியையும் பீன்ஸையும் எறிய வேண்டாம். வேர் உடையாமல் துணியோடு சேர்த்து நறுக்கி ஜன்னல் ஓரத் தொட்டியில் நட்டுவிட்டால், தோட்டத்துக் கொடிகளுக்கு மூன்று வாரம் முன்பே அவை பூத்துவிடும்.